ஆம்பூர் ஷூ லோடுக்கு லாரி: லீஸா, சொந்தமா?

ஆம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டு ஷூ கம்பெனிகளின் பெட்டிகளைச் சென்னைத் துறைமுகத்துக்கு மாதம் 20 ட்ரிப் அனுப்புகிறேன். இதுவரை வெளிவண்டி பிடித்தே சமாளிக்கிறேன். கையில் 6 லட்சம் இருக்கிறது. 20 அடி மூடிய பாடியோடு புது வண்டி 24 லட்சம். 20 லட்சம் பைனான்ஸ் கிடைக்கும். தெரிந்தவர் ஒருவர் அதேபோன்ற வண்டியை மாதம் 72,000 ரூபாய் லீஸுக்குத் தருகிறார். டயர், இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் அவர் பொறுப்பு. 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் கூடுதல். கம்பெனியில் பில் பாஸாக 60 நாள் ஆகிறது. எதை எடுக்கலாம்?"

முதல் 11 மாதம் லீஸுக்கு எடுங்கள். 72,000 மலிவு என்பதால் சொல்லவில்லை. உங்கள் கேள்வியின் கடைசியில் வரும் அந்த 60 நாள்தான் காரணம்.

முதலில் மாதச் செலவைப் பார்ப்போம். 20 லட்சத்துக்கு 11 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டி, 48 மாதம் என்றால் டியூ (மாதத் தவணை) சுமார் 51,700. இன்சூரன்ஸ், காலாண்டு வரி, பர்மிட், எஃப்சி ஆகியவற்றை மாதக் கணக்காக்கி 8,500 வைப்போம். போக வர 400 கிலோமீட்டர் வீதம் 20 ட்ரிப்புக்கு 8,000 கிலோமீட்டர். டயருக்கும் சர்வீஸுக்கும் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் ஒதுக்கினால் 20,000. மொத்தம் 80,200. லீஸில் 72,000, கூடுதல் 2,000 கிலோமீட்டருக்கு 8,000, ஆக 80,000. டீசல், டோல், டிரைவர் சம்பளம், பேட்டா இரண்டிலும் உங்கள் தலையில்தான். செலவு சமம், நான்கு வருடத்தில் வண்டியும் மிஞ்சும் என்றால் வாங்குவதுதானே லாபம் என்று தோன்றும். லோடு குறையாமல், பணம் தாமதமாகாமல் இருந்தால் அது உண்மைதான்.

இப்போது கையிருப்பைப் பாருங்கள். வண்டிக்கு 4 லட்சம் கட்டியபின் மிஞ்சுவது 2 லட்சம். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு ட்ரிப்புக்கு 67 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் விலையில் சுமார் 6,200 ரூபாய். மாதம் 1,24,000. பில் பணம் வர 60 நாள் என்றால் டீசலுக்கே இரண்டரை லட்சம் முடங்கும். பள்ளிகொண்டா, வாலாஜா டோல்களும் டிரைவர் சம்பளமும் தனி. முதல் பில் பணம் வரும் முன்பே கையிருப்பு தீர்ந்துவிடும். லாரி தொழிலில் நல்ல லோடு இருந்தும் வண்டியைப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். லீஸில் அட்வான்ஸ் போக மீதிப் பணம் ஓட்டத்துக்கு நிற்கும்.

இன்னொன்று, ஏற்றுமதி ஆர்டர் குறைந்து 12 ட்ரிப் ஆகிவிட்டால் மாதச் செலவு இரண்டு வழியிலும் ஏறத்தாழ 72,000. ட்ரிப்புக்கு 4,000 விழுந்தது 6,000 ஆகிவிடும். லீஸில் இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுதிக்கொண்டால் வண்டியை ஒப்படைக்கலாம், பைனான்ஸ் டியூ நிற்காது. கம்பெனி எழுத்தில் தரும் ஒப்பந்தம் ஒரு வருடம், நீங்கள் பைனான்ஸுக்குப் போடும் கையெழுத்து நான்கு வருடம். இந்த இடைவெளியை உங்கள் மனத்துணிவு நிரப்பாது, கையிருப்புதான் நிரப்பும்.

பின்னால் வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஏஜென்ட் சொல்லும் "11 பர்சன்ட்" ஃப்ளாட் வட்டியா, குறையும் நிலுவை மீதா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் 20 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 8.8 லட்சம், டியூ 60,000. உண்மை வட்டி 19 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாதம் 8,300 ரூபாய் வித்தியாசம் ஒரே ஒரு வார்த்தையில் ஒளிந்திருக்கிறது. கடன் முடிந்ததும் பைனான்ஸ்காரரிடம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் (கடன் முடிந்ததற்கான அறிவிப்பு) வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியிலிருந்து எச்பி (வண்டி கடனில் உள்ளது என்ற) பதிவை நீக்க மறக்க வேண்டாம்.

வரியில் சொந்த வண்டிக்கு அனுகூலம் உண்டு. வாடகைக்கு ஓட்டும் லாரிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம். பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர், மொத்த எடை 12,000 கிலோவுக்குள் உள்ள வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டும் அனுமான முறையிலும் போகலாம். கடனில் வாங்கிய வண்டியும் இதில் சேரும், லீஸ் வண்டி சேராது. அதற்குக் கணக்குப் புத்தகம் எழுதினால், லீஸ் தொகையைச் செலவாகக் காட்டலாம்.

லீஸ் பத்திரத்தை அவசரத்தில் முடித்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, லீஸ் ஒப்பந்தத்தில் வண்டியைக் கையில் வைத்திருப்பவரும் "உரிமையாளர்" என்றே கொள்ளப்படுவார். விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தால் நஷ்ட ஈடு உங்கள் வாசலுக்கு வரும். "அவர் பொறுப்பு" என்ற வாய்ச்சொல் போதாது. பாலிசி, எஃப்சி, பர்மிட், வரி நான்கின் முடிவுத் தேதியையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி வருடா வருடம் எடுக்க வேண்டும். அந்த நாட்களில் வண்டி ஓடாது. வண்டி பழுதாகி 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மாற்று வண்டி, இல்லையேல் அந்த நாட்களுக்கு வாடகைக் கழிவு என்று எழுதி வாங்குங்கள். பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படியான) வண்டி என்றால், புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டிஇஎஃப் திரவம் யார் செலவு என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும். மலிவுத் திரவம் ஊற்றி எஸ்சிஆரை (புகையைச் சுத்தமாக்கும் அமைப்பு) கெடுத்துவிட்டால், அந்தப் பழுது பெரிய செலவு வைக்கும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கை. ரிட்டர்ன் லோடு கிடைக்கிறதே என்று பேரணாம்பட்டுக்கோ ராணிப்பேட்டைக்கோ உப்பிட்ட பச்சைத் தோலை லீஸ் வண்டியில் ஏற்றாதீர்கள். உப்புநீர் பாடியின் தளத்திலும் சேசிஸிலும் இறங்கித் துருப்பிடிக்கும். வாடை தங்கிவிட்டால் அடுத்த ஷூ பெட்டியைக் கம்பெனி ஏற்றவே விடாது. வண்டியைத் திருப்பித் தரும் நாளில் உரிமையாளர் அட்வான்ஸில் கை வைப்பதும் இதற்காகத்தான். வண்டி எடுக்கும் அன்றே பாடியின் உள்தளம், சேசிஸின் அடிப்பகுதி, ஸ்டெப்னி உட்பட ஏழு டயர்களின் எண்கள், ஓடோமீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்து வையுங்கள்.