பெற்றோருக்கு எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? – கேள்வி பதில்

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மருந்தை மாற்றுவது பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு தாய், விழுப்புரம்: எனக்கும் கணவருக்கும் எச்.ஐ.வி. மகளுக்கு இல்லை. ஒன்பது வயதாகிறது. தினமும் எதற்கு மாத்திரை என்று கேட்கிறாள். சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லலாமா அக்கா?

சொல்லுங்கள் தங்கச்சி, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் நிலையைச் சொல்ல வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2011-இல் வழிகாட்டியது. நம் வீடுகளில் மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைக்கிறார்கள். பிள்ளை அதைப் பார்த்துவிடும். அம்மா எதற்கோ பயப்படுகிறாள் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும்.

முதலில், "அம்மா உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதை அடக்கி வைக்கிறது" என்று சொன்னால் போதும். பேர் அப்புறம். "நீ செத்துப்போயிடுவியா?", "எனக்கும் வந்திருக்கா?" என்று கேட்பாள். இரண்டுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயைக் கட்டாதீர்கள். சித்தியோ பாட்டியோ, அவள் மனம்விட்டுப் பேச ஒருவரைக் காட்டுங்கள்.

கடலூர்: கொசு கடித்தால் பிள்ளைக்கு வருமா?

வராது.

திருச்சி: மகனைச் சேர்க்கப் போனபோது பள்ளியில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டின் நகல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 10 செப்டம்பர் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேர்க்கைக்காக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பதும் அதன்படி தவறு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், இலவசம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: ஒன்பது வயதுக் குழந்தையிடம் போய் இதைச் சொல்லச் சொல்கிறீர்களே, பாவமில்லையா? நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள், அதுவும் நல்ல விதமாகச் சொல்ல மாட்டார்கள்.

கல்லூரி மாணவி, சேலம்: எனக்கு அப்படித்தான் நடந்தது. அப்பாவின் சாவு வீட்டில் பெரியம்மா யாரிடமோ கிசுகிசுத்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுடன் ரொம்ப நாள் பேசவில்லை.

ஆசிரியர், மதுரை: வருத்தமாக இருக்கிறதம்மா. அப்படியென்றாலும் பத்தாம் வகுப்பு வரையாவது காத்திருக்கலாமே?

காத்திருக்கக் கூடாது ஐயா. பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். பதினைந்து வயதில் கேட்கும் பிள்ளை, "இத்தனை வருஷமா ஏன் மறைச்சே?" என்றுதான் முதலில் கேட்கும். நோய் அதற்குப் பிறகுதான்.

தர்மபுரி: ஒரே தட்டில் ஊட்டலாமா?

கொசுவைப் பற்றிச் சொன்ன பதில்தான். தட்டு, டம்ளர், முத்தம், கட்டிப்பிடித்துத் தூங்குவது, எதனாலும் வராது. இனி இந்தக் கேள்வியை அனுப்ப வேண்டாம். பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தால் அதன் மனசுதான் உடையும்.

ஒரு பாட்டி, தேனி: மகனும் மருமகளும் போய்விட்டார்கள். பேரனுக்குப் பதினாறு, பேத்திக்குப் பத்து. எனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

அம்மா, எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தில் 12 வயதுக்கு மேல் 18-க்குள் இருக்கும் மூத்த பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் பக்குவம் இருந்தால், தம்பி தங்கைக்குக் காப்பாளராக அந்த எச்.ஐ.வி. சட்டமே அனுமதிக்கிறது. பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் அதில் அடங்கும். நிலத்தை எழுதிக் கொடு என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் திட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள். தகுதி இருந்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். நோயின் பேரை அந்த அலகின் அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள், வார்டு மெம்பரிடம் வேண்டாம். பேரனையும் கூட்டிப் போங்கள்.