இரண்டு கையும் எரிந்ததா? பல்டியை இன்றே நிறுத்துங்கள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மூன்று மாதமாக ரீல்ஸ் பார்த்து, நண்பர்களோடு கடற்கரை மணலில் பல்டி பழகுகிறான். குட்டிக்கரணம் போட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறான். மணிக்கட்டு வலிக்கிறது. இப்படிக் குதித்தால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் மாமியார். 12 நாள் முன்பு பின்பக்கமாகப் பல்டி அடித்தபோது பிடரி மணலில் இடிக்க விழுந்தான். இரண்டு கையும் மிளகாய் அரைத்த மாதிரி ஐந்து நிமிடம் எரிந்ததாம், அப்புறம் சரியாகிவிட்டது. கழுத்து மட்டும் வலிக்கிறது. தைலம் தேய்த்து, சுளுக்கு எடுத்து, மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை கொடுத்து வருகிறோம். பழகுவதைத் தொடரலாமா? – ஒரு தாய், கடலூர்

பதில்: வளர்த்தியைப் பிறகு பார்க்கலாம் அம்மா. அந்த ஐந்து நிமிட எரிச்சல்தான் உங்களை எழுத வைத்திருக்கிறது. அந்தப் பயம் சரியான பயம். பல்டி, ஓட்டம், கிரிக்கெட் எல்லாம் இன்றோடு நிற்கட்டும். எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துப் போங்கள். நரம்பியல் அறுவை நிபுணரோ முதுகெலும்பு மருத்துவரோ கழுத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? விழுந்ததும் ஒரு கையில் மட்டும், தோளிலிருந்து விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருந்தால், அந்தக் கைக்குப் போகும் நரம்பு இழுபட்டிருக்கும். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் எரிச்சலோ மரமரப்போ வந்தால் கதை வேறு. தண்டுவடமே அடிபட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு நிமிடத்தில் மறைந்திருந்தாலும் சரி. கழுத்தில் தண்டுவடம் நசுங்கும்போது பல நேரம் கால்களைவிடக் கைகளில்தான் அதிகம் தெரியும். பையன் எழுந்து நடந்ததால் நண்பர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். எழுந்து நடப்பது எதற்கும் சான்று ஆகாது.

சுளுக்கு எடுத்தது பெரிய தவறு. தசைநார் கிழிந்து கழுத்தெலும்புகள் பிடிமானம் இழந்திருந்தால், தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவதே போதும், கை கால் விழுந்துவிடும். முடிதிருத்தும் இடத்தில் நெட்டி முறிப்பதும் இதே கணக்குதான். வலி மாத்திரையோ, கழுத்தை அசைக்காதே என்று உடம்பு தரும் எச்சரிக்கையை மழுங்கடிக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், நார்மல் என்று யாராவது சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார்க் கிழிசலும் தண்டுவட வீக்கமும் தெரியாது.

மருத்துவமனைக்கு பைக்கில் பின்னால் உட்கார வைத்து, பள்ளம் மேட்டில் குலுக்கிக்கொண்டு போக வேண்டாம். கடையில் விற்கும் ஸ்பாஞ்ச் காலரை நம்பவும் வேண்டாம், அது கழுத்தை அசையாமல் பிடிக்காது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறானா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் போகச் சிரமப்படுகிறானா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் நீங்களாகக் கிளம்பாமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றவை. பல்டி அடித்தால் வளர்த்தி நிற்காது. உருண்டு எழுந்ததும் தலை சுற்றுவது உள்காதில் இருக்கும் திரவம் இன்னும் சுழல்வதால்; சில விநாடியில் நின்றால் கவலை இல்லை. மணிக்கட்டு, வளரும் வயதில் கையை ஊன்றி ஊன்றிப் பழகுகிறவர்களுக்கு வலிக்கும். அங்கே எலும்பு வளரும் குருத்து இன்னும் மூடியிருக்காது. ஓய்வுதான் மருந்து, மூன்று வாரத்தில் குறையாவிட்டால் காட்டுங்கள்.

ஸ்கேன் சுத்தமாக இருந்து, வலியில்லாமல் கழுத்து எல்லாப் பக்கமும் திரும்பி, மருத்துவரும் அனுமதித்தால் திரும்பப் பழகலாம். தண்டுவடம் போகும் குழாய் பிறவியிலேயே குறுகல் என்று தெரிந்தால் பல்டியே வேண்டாம், இதில் பேரம் கிடையாது.

பழகுவதென்றால் முதல் படியிலிருந்து. கழுத்தெலும்புகள் ஏழும் லேசான வளைவில் நிற்பதால்தான் தலையில் விழும் அடி பிரிந்து போகிறது. தலையைக் கொஞ்சம் குனிந்தால் அந்த வளைவு நிமிர்ந்து தூண் மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலை இடித்தால் எலும்பு நொறுங்கும். அதனால் குட்டிக்கரணத்தில் அரைகுறையாகக் குனியக் கூடாது. தாடை மார்பில் ஒட்ட வேண்டும், தலை தரையில் படாமல் தோள்பட்டையின் பின்பக்கம் முதலில் பட வேண்டும். தாடைக்குக் கீழே ஒரு கைக்குட்டையை இடுக்கி, அது விழாமல் உருளச் சொல்லுங்கள். பத்து முறை தொடர்ந்து, கை ஊன்றாமல் எழுந்து நின்றால் அடுத்தது: சரிவான மேட்டில் பின்பக்கமாக உருள்வது. உள்ளங்கை இரண்டும் காதோரம் தரையில் பதிந்து தள்ள வேண்டும், கழுத்தில் எடை ஏறவே கூடாது. பிறகு சுவரோரம் 30 விநாடி கைகளை ஊன்றித் தலைகீழ் நிற்றல். அதன்பின் நின்ற இடத்தில் எம்பி, முழங்காலை மார்புவரை இழுத்து, சத்தமில்லாமல் இறங்குதல். இதற்கே சில மாதம் ஆகும். ரீல்ஸில் 30 விநாடியில் முடித்துவிடுவார்கள்.

பின்பல்டியில் பையன்கள் பிடரியில் விழுவது இரண்டு காரணத்தால். ஒன்று, எம்புவதற்கு முன்பே தலையைப் பின்னால் எறிவது. உயரம் கிடைக்காது, உடம்பு பின்பக்கமாகப் பறக்கும். கண் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, கை இரண்டும் காதோரம் மேலே போய், உடம்பு நேராக உயர்ந்த பிறகுதான் முழங்காலை இழுக்க வேண்டும். மற்றது, பாதியில் பயந்து உடம்பை விரிப்பது. சுருண்ட உடம்பு வேகமாகச் சுழலும், விரித்தால் சுழற்சி மந்தமாகும். தலைகீழாக இருக்கும்போதே தரை வந்துவிடும். கிளம்பிவிட்டால் தரை கண்ணில் படும்வரை முழங்காலை விடக் கூடாது. இதை மனத்துணிவை மட்டும் நம்பிச் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் பழகிய ஆள் நின்று, ஒரு கை இடுப்பின் பின்னாலும் ஒரு கை தொடையின் பின்னாலும் கொடுத்து, பாதம் தரையில் படும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். கீழே தடித்த க்ராஷ் மேட், அதாவது விழும் அடியைத் தாங்கும் மெத்தை. பழக வேண்டியது ஜிம்னாஸ்டிக் கோச்சிடம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடற்கரை இதற்கு ஏற்ற இடமே இல்லை. ஈர மணலில் விழுந்தால் சிமெண்டுத் தரை மாதிரிதான். காய்ந்த மணலோ காலை உள்ளே வாங்கி, எம்பும் உயரத்தைத் தின்றுவிடும். ஆழம் தெரியாத குளத்திலும் தண்ணீர் குறைந்த கிணற்றிலும் அந்தர் பல்டி அடிப்பது இன்னும் மோசம், கழுத்து உடைந்து வருகிறவர்களில் அந்த வகையும் உண்டு. டிராம்போலினில் (துள்ளிக் குதிக்கும் வலையில்) கழுத்தை உடைக்கும் அடி பெரும்பாலும் பல்டியில் வருகிறது என்பதால், அங்கேயும் கோச் இல்லாமல் கூடாது.

அவன் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். யாராவது தலையிலோ பிடரியிலோ விழுந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், தலையை நேராக்கப் பார்க்காதீர்கள். ஒருவன் தலைமாட்டில் மண்டியிட்டு, தலை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இரண்டு பக்கமும் கையால் அணைத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ்காரர் வந்து தாங்கிக்கொள்ளும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது.