தம்மமும் பிச்சையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்புக் குழுவில் 'தர்மம்' என்ற சொல்லைப் பற்றி நான் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். மூன்று மாதமாகக் குறிப்பெடுக்கிறேன், குழப்பம்தான் கூடுகிறது. ரிக்வேதத்தில் அது தாங்கி நிற்பது. வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொல்லும் மீமாம்சையில் வேதம் ஏவுவது. பௌத்தத்தில் அதே சொல் பாலியில் தம்மம்: புத்தரின் போதனையும் தம்மம், கணந்தோறும் தோன்றி மறையும் நிகழ்வுகளும் தம்மம். சமணத்திலோ அது ஒரு திரவியம், உலகின் அடிப்படைப் பொருள்களில் ஒன்று! 'த்ரு' என்ற வேருக்குத் தாங்குதல் என்று பொருள். 'அறம்' அறுத்தலிலிருந்து வந்தது என்கிறார்கள். ஒன்று தாங்குகிறது, ஒன்று அறுக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றா? இத்தனை பொருள்களில் எது மூலப்பொருள்? அவ்வளவு உயரத்தில் இருந்த சொல்லை நாம் 'தர்மம் போடுங்க சாமி' என்று பிச்சைப் பாத்திரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டோமே, இந்த வீழ்ச்சி எப்போது தொடங்கியது?

ரா.

அன்புள்ள ரா.,

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். மற்றதையெல்லாம் நல்ல அகராதி ஒன்று சொல்லிவிடும். போன வாரம் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒரு 15 பைசா அஞ்சலட்டை கையில் அகப்பட்டது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் உங்கள் வேர்ச்சொல் விளையாட்டு. 'ஒன்று தாங்குகிறது, ஒன்று அறுக்கிறது' என்று எழுதியபோது உங்களுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி இருந்திருக்கும். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வேரைத் தோண்டினால் சொல் கிடைத்துவிடும் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. 'பாசண்டம்' என்ற சொல்லைப் பாருங்கள். அசோகரின் 12ஆம் பாறைக் கல்வெட்டு எல்லாப் பாசண்டங்களையும் மதிக்கச் சொல்கிறது. அங்கே அதற்குச் சமயக் குழு என்பதற்குமேல் பொருள் இல்லை. பிற்கால வடமொழி தர்மசாஸ்திரங்களில் அதே சொல் வேதத்துக்குப் புறம்பான கள்ளச் சமயத்தாரைத் திட்டும் வசை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் 'பாசண்டச் சாத்தன்' என்று ஒரு தெய்வத்துக்கே பெயர்! அசோகர் தனக்குச் சூட்டிக்கொண்ட 'தேவானாம்பிரிய' (தேவர்களுக்குப் பிரியமானவன்) என்ற பட்டமும் பின்னாளில் வடமொழிப் பண்டிதர் வாயில் முட்டாள் என்று பொருள்பட்டுப் போனது. எந்த வேர் இதையெல்லாம் சொல்லும்?

அறமும் தர்மமும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஒன்று, பாதி வேறு. 'அறவாழி அந்தணன்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் அறக்கடல் என்று தன் பொருளைச் சொல்லிவிட்டு, தருமசக்கரம் என்று உரைப்பாரும் உளர் என ஒரே வரியில் கடந்துபோகிறார். நீங்களும் அப்படியே கடந்துபோங்கள்.

சமணரின் திரவியத்துக்கு ஏன் அந்த ஆச்சரியக்குறி? அவர்கள் தர்மம் என்பது அசைவுக்குத் துணைநிற்கும் ஊடகம். மீனுக்கு நீர் மாதிரி: நீர் மீனைத் தள்ளுவதில்லை, ஆனால் நீரில்லாமல் மீன் நீந்தவும் முடியாது. அதர்மம் பாவமல்ல, நிற்பதற்குத் துணை. வழிப்போக்கனுக்கு மரநிழல் மாதிரி. மணிமேகலையில் நிகண்டவாதி என்ற சமணன் தன் தத்துவத்தைச் சொல்லும்போது 'தன்மாத்திகாயம்', 'அதன்மாத்திகாயம்' என்று இவற்றைத்தான் எண்ணுகிறான். தமிழுக்கு இது புதிதில்லை. நீங்கள் மணிமேகலையை மணிபல்லவத் தீவுக் கதையோடு மூடிவைத்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

சரி, மூலப்பொருள். உங்கள் தலைவலி மௌரியர் காலத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு வந்தது. ஆப்கானிஸ்தானின் கண்டகார் அருகே 1958இல் கிடைத்த அசோகரின் இருமொழிக் கல்வெட்டில் தம்மத்துக்குக் கிரேக்கத்தில் 'யூசிபெயா' என்று போட்டிருக்கிறான். பயபக்தி என்று சொல்லலாம். அராமிக் பகுதியில் அந்த இடத்தில் இருப்பது உண்மை என்ற பொருளுள்ள சொல். ஒரே பாறை, ஒரே அரசன், இரண்டு மொழியில் இரண்டு பொருள். அவன் மூலப்பொருளைத் தேடி மூன்று மாதம் உட்கார்ந்திருக்கவில்லை. கல் வாசிப்பவனுக்கு எது புரியுமோ அதை எழுதிவிட்டு வேலையை முடித்தான்.

இப்போது வீழ்ச்சிக்கு வருகிறேன்.

இருபத்தைந்து வயதில் ஒரு சிறுபத்திரிகையில் நானும் இதையேதான் எழுதினேன். உபநிடதம், பௌத்தத் தத்துவ நூலான அபிதம்மம் என்றெல்லாம் அடுக்கி, கடைசியில் 'இந்த மகத்தான சொல்லைத் தமிழன் திருவோட்டில் போட்டான்' என்று முடித்திருந்தேன். உங்கள் வரிக்கும் அதற்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது. பத்திரிகை வந்து இரண்டு வாரத்தில் அந்த அட்டை வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற கல்வெட்டுப் பெரியவர். நான் அவரை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். பெயர் சொல்வது அவருக்குப் பிடிக்காது, இப்போது அவர் இல்லை. அட்டையில் நலம் விசாரிப்பு இல்லை, திட்டும் இல்லை. பொடி எழுத்தில் ஒரே ஒரு வாசகம்:

'கணிய் நந்த அஸிரிய்இ குவ்அன்கே தம்மம் இத்தாஅ நெடுஞ்செழியன் பணஅன் கடல்அன் வழுத்திய் கொட்டுபித்தஅ பளிஇய்.'

கீழே 'மாங்குளம்' என்று மட்டும்.

ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அகம்பாவம் விடவில்லை. அட்டையைப் புத்தகத்துக்குள் செருகிவைத்து மூன்று வருடம் ஓட்டினேன். பிறகு ஒருநாள் மதுரைக்கு வடகிழக்கே, மீனாட்சிபுரத்துக்கு மேலே இருக்கும் அந்த மலையில் ஏறினேன். 1882இல் இராபர்ட் சீவெல் கண்ட இடம். 1960களில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அங்கே நெடுஞ்செழியன் பெயரைப் படித்துக்காட்டினார். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுத்து. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் ஒன்று.

அது சொல்வது இவ்வளவுதான்: நந்தசிரி குவன் என்ற மூத்த சமணத் துறவிக்குத் தம்மம் ஈந்தது, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி. தம்மம் என்றால் இங்கே என்ன? பாறைக்கடியில் ஒரு படுக்கை. ஒரு ஆள் படுத்து எழும் அகலம். மழைநீர் உள்ளே வழியாமலிருக்க மேலே காடி. கடலன் வழுதி குவனுக்குப் போட்ட தம்மம் அது. அந்தப் பக்கத்துப் பாறையிலேயே இன்னொரு எழுத்து. சடிகன் என்பவன் செய்த பள்ளி, அதே குவனுக்கு, அங்கேயும் 'தமம்'.

ஆக, தமிழ் மண்ணில் இந்தச் சொல் எழுத்தில் கண்விழிக்கும்போதே கொடை என்ற பொருளில்தான் விழிக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு, கேட்காதவனுக்கும், கொடுப்பது. நீங்கள் கீழே விழுந்ததாகச் சொல்லும் இடம்தான் அது பிறந்த தொட்டில். வீழ்ச்சி எப்போது தொடங்கியது என்று கேட்கிறீர்கள். விழவேயில்லை ஐயா!

தமிழன் மட்டும் செய்த குறும்பு என்றும் நினைக்க வேண்டாம். மராட்டியத்துக் குகைகளைப் பாருங்கள். ஜுன்னார், குடா, கன்ஹேரி என்று எங்கே போனாலும் பிராகிருதத்தில் 'தேயதம' என்று வெட்டியிருக்கும். கொடுக்கத்தக்க தம்மம். என்ன கொடுத்தார்கள்? குகை, தூண், தண்ணீர்த் தொட்டி. கொடுத்தவர்களில் அரச குலத்தார் உண்டு, வணிகர் உண்டு, மாலை கட்டுகிறவர்கூட உண்டு. ஒரு தொட்டித் தண்ணீர் தம்மம். அந்த மாலைக்காரரைக் கூப்பிட்டு, 'ஐயா, அபிதம்மத்தில் தம்மம் என்பது கணநேர நிகழ்வு, நீங்கள் தண்ணீர்த் தொட்டியைப் போய்த் தம்மம் என்கிறீர்களே' என்று கேட்பீர்களா? அசோகர்கூடத் தம்மம் எது என்று தூண் கல்வெட்டில் சொல்லும்போது தயையையும் தானத்தையும் உண்மையையும் தூய்மையையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறார்.

பிறகு சோழர் காலக் கோயில் சுவர்கள். நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிய 'சாவா மூவாப் பேராடு' (சாவும் மூப்பும் இல்லாததாகக் கணக்கில் கொள்ளும் ஆடு) தொண்ணூற்றாறு கொடுத்தவன், 'இத்தர்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலன' என்று முடிக்கிறான். இந்த தர்மத்தைக் காப்பவனின் பாதம் என் தலைமேல். அவன் காப்பாற்றச் சொல்வது பிரபஞ்ச ஒழுங்கை அல்ல, அந்த ஆடுகளை. எனக்கு இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். அங்கிருந்து தர்மசத்திரம், தர்மகர்த்தா, தர்மாஸ்பத்திரி. காசு வாங்காமல் கொடுப்பதெல்லாம் தர்மம் என்பதால்தான் தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் திருடனுக்குப் போடும் அடிக்குக்கூட 'தர்ம அடி' என்று பெயர் வந்தது. தத்துவவாதிகளுக்கு இந்த நகைச்சுவை லேசில் வராது.

மணிமேகலையை மறுபடி எடுங்கள். அறம் எனப்படுவது யாதெனக் கேட்டால் மறவாமல் இதைக் கேள் என்று சொல்லி, சாத்தனார் மூன்றே மூன்றைத்தான் தருகிறார்: உண்டியும் உடையும் உறையுளும். அளவையியலும் பௌத்த தர்க்கமும் தலைகீழாகத் தெரிந்த கவிஞர், அறத்துக்கு இலக்கணம் சொல்ல வேண்டிய இடத்தில் சோறு, துணி, கூரை என்கிறார். மூன்றாவதைத்தான் மாங்குளத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். (பள்ளி என்ற சொல் படுக்கையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் நடந்துபோன கதையைத் தொட்டால் இன்று சோறு கிடையாது. விட்டுவிடுகிறேன்.)

கோபமாக எழுதிவிட்டேனோ? மூன்று மாதம் ஒரு சொல்லின் பின்னால் அலைகிறவரை எனக்குப் பிடிக்காமல் போகுமா! அந்தப் பெரியவர் என்னை ஒரே வரியில் திருத்தினார். எனக்கு இத்தனை பத்தி தேவைப்படுகிறது, அது என் குறை. மலையிலிருந்து இறங்கியதும் அவருக்கு நன்றி எழுத வேண்டும் என்று நினைத்து, வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். எழுதியபோது அவர் மகன் பதில் போட்டார்.

உங்கள் கட்டுரைக்கு எந்தப் பொருளை எடுப்பது என்று நான் சொல்லவேயில்லை, மறந்தே போனேன். எதையாவது எடுங்கள், ஆனால் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். வாசிப்பதற்கு முன் ஒருமுறை மாங்குளம் போய்வாருங்கள். விடிந்ததும் ஏறிவிட வேண்டும், வெயில் ஏறினால் பாறை சுடும். காலை வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளங்களில் நிழல் நிற்கும், உச்சி வெயிலில் வெறும் கல்தான் தெரியும். அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து வலித்தால் அந்தப் படுக்கையிலேயே கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளுங்கள். நான் படுத்தேன்.