ஹைகேட் முருகன் கோயிலுக்கு வரும்போது ஹாலி வில்லேஜ் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

அம்மா அப்பாவை லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், அப்படியே ஹாலி வில்லேஜையும் உள்ளே போய்க் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அது மியூசியம் இல்லை, புல்வெளியைச் சுற்றிக் கட்டிய பழைய வீடுகள், அவற்றில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கிற புல்வெளி அந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொது, நமக்கு இல்லை. ஆனால் வாசல் வரைக்கும் கட்டாயம் போங்கள்.

நான் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். லண்டன் வந்த முதல் வருடம், ஆடிக் கிருத்திகை. கோயிலில் கும்பிட்டுவிட்டு வாட்டர்லோ பூங்கா வழியாக ஸ்வெயின்ஸ் லேனில் இறங்கி, கார்ல் மார்க்ஸ் சமாதி இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி நடந்தேன். செஸ்டர் ரோடு திரும்பும் முனையில் கூர்கூராக ஒரு வாசல். வளைவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெண் சிலை, கல்லில் 1865 என்று ஆண்டு. கதவு திறந்திருந்தது, நுழைந்துவிட்டேன். உள்ளே புல்வெளியைச் சுற்றி வீடுகள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. கூரை விளிம்பில் மரத்தைக் குடைந்து குடைந்து பூவேலை, மேலே நெட்டையான புகைபோக்கிகள். பிரசாதப் பொட்டலத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மண் ஒட்டிய கையுறையோடு ஒரு வயதான அம்மா வந்தார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். இது எங்கள் தோட்டம், வெளியார் வருவதில்லை என்று தணிவாகத்தான் சொன்னார். வாசல் வரை கூடவே வந்து சிலைகளையும் காட்டினார். ஒன்று இதைக் கட்டிய சீமாட்டி, இன்னொன்று அவருடைய தோழி ஹன்னா பிரவுன் என்று சொல்வார்களாம். இருந்தும் பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெற்றியில் திருநீறு, இந்த நிறம், அதனால்தான் வெளியே அனுப்பினாரோ என்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு. "உனக்குத் தாழ்வு மனப்பான்மை" என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள், எழுதுங்கள். புது ஊரில் தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அம்மா வந்திருந்தபோது அதே வாசலுக்குக் கூட்டிப் போனேன், இந்தத் தடவை வெளியில்தான் நின்றோம். எங்களுக்குத் திருநெல்வேலி. அம்மா பிறந்தது ஒரு வளவில், நடுவில் முற்றமும் கிணறும், சுற்றி ஏழு குடும்பம். கம்பி வழியாகப் பார்த்துவிட்டு, "இது நம்ம வளவு மாதிரில்லா இருக்கு" என்றாள். நான் பழைய கதையைச் சொன்னேன். "நம்ம வளவுக்குள்ள எவனாவது கேக்காம நுழைஞ்சு படம் புடிச்சா ஆச்சி சும்மா விட்டிருப்பாளா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

கட்டியவரைப் பற்றி உங்கள் அப்பாவிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ், 1837-இல் 23 வயதில் வங்கிக்காரத் தாத்தாவின் சொத்து முழுக்க அவர் கைக்கு வந்தது. அதில் பெரும்பகுதியைத் தான தர்மத்துக்குச் செலவழித்தார், 1871-இல் விக்டோரியா ராணி பட்டம் கொடுத்தார். ஹைகேட்டில் ஹாலி லாட்ஜ் என்பது அவருடைய வீடு, அந்தப் பெயர்தான் இதற்கும். ஹாலி வில்லேஜைத் தன் எஸ்டேட் வேலையாட்களுக்காகக் கட்டினார் என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள், அதை மறுப்பவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இதன் கட்டிடக் கலைஞர் ஹென்றி டார்பிஷர் இதற்கு முன்னாலேயே அதே சீமாட்டிக்காகக் கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் ஏழைகளுக்கு அடுக்குமாடி கட்டியவர். கொலம்பியா ஸ்கொயர் என்று பெயர், நடுவில் முற்றம், சுற்றி நான்கு கட்டிடம். பூவேலை எல்லாம் அங்கே கிடையாது, ஆனால் நடுவில் திறந்த இடம் விட்டிருந்தார்கள். இப்போது அது இல்லை, இடித்துவிட்டார்கள்.

இங்கே என் சொந்த ஆற்றாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் தாண்டிப் போய்விடுங்கள். நான் இப்போது இருக்கும் புதுக் குடியிருப்பிலும் நடுவில் தோட்டம். வீடு வாங்கியவர்களின் சாவி வில்லை அந்தக் கதவைத் திறக்கும். அதே வளாகத்தில் குறைந்த வாடகைக்கு இருப்பவர்களின் வில்லை திறக்காது. என் மகளும் அடுத்த பிளாக் பெண்ணும் ஒரே வகுப்பு. ஒரு சனிக்கிழமை மாடியிலிருந்து பார்க்கிறேன், இவள் உள்ளே, அவள் கம்பிக்கு வெளியே, பந்தைக் கம்பி இடுக்கு வழியாக உருட்டி உருட்டி விளையாடுகிறார்கள். பந்து பெரிது, ஒவ்வொரு தடவையும் அமுக்கித் தள்ள வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்கு மூன்று தடவை எழுதினேன். குறைந்த வாடகைக்காரர்கள் கட்டும் சர்வீஸ் சார்ஜில், அதாவது பராமரிப்புக் கட்டணத்தில், தோட்டச் செலவு சேரவில்லை என்று பதில் வந்தது. சரி, என் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன், அதற்குப் பதிலே இல்லை. பூட்டிய தோட்டமே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஹாலி வில்லேஜில் சுற்றி இருக்கிற எல்லா வீட்டுக்கும் அந்தப் புல்வெளி பொது. எங்கள் இடத்தில் சுற்றி இருப்பவர்களிலேயே பாதிப் பேருக்குப் பூட்டு, அதுதான் தாங்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். கோயிலிலிருந்து மெதுவாக நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாட்டர்லோ பூங்காவில் பெஞ்சு இருக்கிறது, அப்பா உட்கார்ந்து எழுந்திருக்கலாம். ஸ்வெயின்ஸ் லேன் நல்ல செங்குத்து, மேலிருந்து இறங்குங்கள், கீழிருந்து ஏற வைத்துவிடாதீர்கள். வாசலைப் படம் எடுங்கள், ஜன்னல்களை வேண்டாம். கதவு திறந்தே இருந்தாலும் தெருவிலேயே நில்லுங்கள்.