பாக்டீரியாவின் குறியீட்டை மாற்றப் போகிறேன் என்கிறாள் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிளஸ் டூ பயோ-மேத்ஸ் படிக்கும் மகள் நீட் வேண்டாம், கம்ப்யூட்டர் சயின்ஸும் வேண்டாம், "பாக்டீரியாவோட ஜெனிட்டிக் கோடை மாத்துற வேலைதான் வேணும்" என்று நிற்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா, இல்லை யூடியூப் பார்த்து வந்த கிறுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வருகிற வேலை இல்லை.

அவள் சொல்வது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். மரபணு மாற்றிய பருத்தி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கத்தைச் செருகுவது. இவள் கேட்பது அந்தப் புத்தகத்தின் அகராதியிலேயே கை வைக்கிற வேலை. டிஎன்ஏவில் மும்மூன்று எழுத்தாக மொத்தம் 64 சொற்கள். அதில் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கும். மூன்று, 'இங்கே நிறுத்து' என்று சொல்லும். ஆக, ஒரே பொருளுக்குப் பல சொல். செரின் என்ற அமினோ அமிலத்துக்கு மட்டும் ஆறு. நமக்கு நிலவு, மதி, திங்கள் இருப்பதுபோல. ஒரு நூலில் 'திங்கள்' வரும் இடமெல்லாம் 'நிலவு' என்று திருத்திவிட்டால் 'திங்கள்' சும்மா கிடக்கும். அதற்கு நாம் வேறு பொருள் கொடுத்துக்கொள்ளலாம்.

2013ல் ஹார்வர்டின் ஜார்ஜ் சர்ச், யேலின் ஃபேரன் ஐசக்ஸ் குழுக்கள் ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு 'நிறுத்து' சொல்லை, அது வந்த 321 இடங்களிலும் மாற்றின. 2019ல் கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழு சுமார் 40 லட்சம் எழுத்துள்ள மரபுத்தொகுதி (அதாவது அதன் மொத்த டிஎன்ஏ) முழுவதையும் செயற்கையாகவே கட்டி, 18,214 இடங்களைத் திருத்தி, மூன்று சொற்களை ஒழித்தது. 2025ல் அதே குழு ஏழு சொற்களை நீக்கி 57க்குக் கொண்டுவந்தது. திருத்திய இடங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

சொல்ல எளிது. சில இடங்களில் இரண்டு மரபணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சிலேடை வெண்பா மாதிரி, ஒரே எழுத்துவரிசைக்கு இரண்டு பொருள். ஒன்றுக்காகத் திருத்தினால் மற்றது கெடும். எல்லாம் சரியாக வந்தாலும் அந்த பாக்டீரியா பழையதைவிட மெதுவாகத்தான் வளரும்.

எதற்கு இவ்வளவு பாடு? 2021ல் சின் குழு, காலியான சொற்களைப் படித்து அமினோ அமிலம் கொண்டுவரும் டிஆர்என்ஏ என்ற மூலக்கூறுகளையும் எடுத்துவிட்டது. வைரஸ் உள்ளே நுழைந்தது. அதன் மரபணுவிலோ பழைய சொற்கள். படிக்க ஆளில்லை, பெருக முடியவில்லை. மருந்து ஆலைத் தொட்டியில் வைரஸ் புகுந்தால் மொத்த பேட்சும் போச்சு என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். (சொந்த டிஆர்என்ஏவோடு வருகிற வைரஸ்கள் இதையும் தாண்டிவிட்டன, அது வேறு கதை.) காலியான சொல்லுக்கு இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தைப் பொருளாகக் கொடுத்து, புதுவகைப் புரதங்களும் செய்யலாம். கிருமியோடு வேலை செய்தால் நோய் வராதா என்றீர்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் கே-12 வகை ஈ.கோலை நோய் தருவதில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

இப்போது சோற்றுக்கு வருவோம். மரபுத்தொகுதி முழுவதையும் திருத்தி எழுதும் ஆய்வகங்கள் உலகத்திலேயே சில. அதை நம்பி மட்டும் வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் அங்கே தேவைப்படும் கைவேலை, அதாவது குளோனிங் (மரபணுவை வெட்டி ஒட்டுவது), பிசிஆர் (டிஎன்ஏவைப் பல படி எடுப்பது), பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது, புரதத்தைப் பிரித்தெடுப்பது, வரிசைத் தரவைக் கணினியில் அலசுவது, இதெல்லாம் ஐதராபாத், பெங்களூரு, புனே தடுப்பூசி, மருந்து நிறுவனங்களுக்கும் வேண்டும். மனித இன்சுலினை ஈ.கோலையில் செய்து விற்க அனுமதி கிடைத்தது 1982லேயே. அதனால் இது நேற்று முளைத்த தொழில் இல்லை.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. இதை ஒளிக்க எனக்கு மனமில்லை. பிஎச்.டி. வரை போகத் தயாரா என்று அவளிடம் கேளுங்கள். பள்ளி முடித்துப் பத்து வருடமாவது ஆகும். ஆனால் கடைசி ஐந்தாறு வருடம் உங்கள் கைக்காசு போகாது. நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000 ரூபாய்.

படிப்புக்கு என் முதல் தேர்வு ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். அதற்கு ஐஏடி என்று தனி நுழைவுத் தேர்வு உண்டு, விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். அது கிடைக்காவிட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.டெக். இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி. அதுவும் இல்லையென்றால், நல்ல அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் வேதியியலோ நுண்ணுயிரியலோ பி.எஸ்சி. படித்துவிட்டு, கேட்-பி என்ற பயோடெக்னாலஜி நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. (பொறியியல்காரர்கள் எழுதும் கேட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பாடத்தின் பெயரில் 'ஜெனிட்டிக்' இருக்கிறதே என்று மட்டும் ஒரு கல்லூரியில் சேர்த்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படித்தான் சேர்ந்தான். நான்கு வருடமும் பிசிஆர் மெஷின் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்ததாம். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று மட்டும் திறந்தார்களாம். கல்லூரி பார்க்கப் போனால் முதல்வரைப் பார்க்கும் முன் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். போன மாதம் உன் கையால் என்ன சோதனை செய்தாய் என்று கேளுங்கள்.

நீங்கள் வி.ஏ.ஓ. என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் குறியீட்டைப் படித்தறிந்ததற்காக 1968ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஹர்கோவிந்த் குரானாவின் அப்பா, பஞ்சாப் கிராமம் ஒன்றில் பட்வாரி. கிட்டத்தட்ட உங்கள் வேலைதான் சார்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் கொடுங்கள். ஈ.கோலை கே-12ன் மரபுத்தொகுதி அமெரிக்க அரசின் என்சிபிஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டு, டிஏஜி (2013ல் மாற்றினார்களே, அந்த 'நிறுத்து' சொல்) என்று முடிகிற மரபணுக்கள் எத்தனை என்று அவளை எண்ணச் சொல்லுங்கள். வெறுமனே டிஏஜி என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இழையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டிவரும். எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலில் மூடி வைக்கிறாளா, ராத்திரி சாப்பாட்டை மறந்து உட்காருகிறாளா என்று நீங்களே பாருங்கள். விடை வந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள். 321 வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவள் நினைப்பதையும் சேர்த்து எழுதட்டும்.