தெர்மாமீட்டர் போகாத உயரம்

அண்ணா வணக்கம். 17 கிலோமீட்டர் உயரத்துல மைனஸ் 80 டிகிரி போல இருக்குற குளிரு 50 கிலோமீட்டர் போனா ஐஸ் உருகுற அளவுக்குக் குறைஞ்சிடுதுன்னு எழுதியிருந்தீங்க, அதைத் தரையில இருந்து லைட் அடிச்சே அளக்குறாங்கன்னும் சொன்னீங்க. எங்க டீக்கடையில இதைச் சொன்னா, அங்க யாரு போய் பாத்தா, எல்லாம் கம்ப்யூட்டர் உத்தேசம்ங்கறாங்க. நெசமா அளக்குறாங்களா?
– வாசகர், அரூர்

தம்பி, நெசமாவே அளக்குறாங்க. லைடார்னு பேரு. திருப்பதி பக்கம் காதங்கியில 1998ல இருந்து இருக்கு, நம்ம கிருஷ்ணகிரியில இருந்து நேர்கோட்டுல ஒரு 150 கிலோமீட்டர்தான்.

மேகம் இல்லாத ராத்திரியில பச்சை லேசரை விட்டு விட்டு மேல அடிப்பாங்க. அது காத்து மூலக்கூறு மேல பட்டு நாலாபக்கமும் சிதறி, அதுல துளியூண்டு கீழ வரும், டெலஸ்கோப் அதைப் புடிக்கும், அதை ஒவ்வொரு போட்டானா, அதாவது ஒவ்வொரு வெளிச்சத் துணுக்கா எண்ணுவாங்க. 50 கிலோமீட்டர் போய்ட்டு வர செகண்டுல 3,000ல ஒரு பங்கு நேரம், அந்த நேரத்தை வெச்சு உயரம் தெரிஞ்சிடும். திரும்பி வர்ற வெளிச்சத்துல சூடு ஒண்ணும் இல்லீங்க, அந்த உயரத்துல காத்து எவ்ளோ இருக்குன்னுதான் அது சொல்லும். 30 கிலோமீட்டருக்கு மேல தூசி இல்லாததால இந்தக் கணக்கு சுத்தமா வரும்.

அப்ப சூடு எங்கிருந்து வருது? நம்ம ஊரு ராகித்தாள் போரைப் பாருங்க, மேல இருக்குற பாரத்துல அடித்தாள் அமுங்கிக் கெடக்கும், உச்சி லூசா இருக்கும். காத்தும் அப்படித்தான், ஆனா சூடான காத்து உப்பி நிக்கும், அதனால மேல போகப்போக மெதுவா லேசாகும், குளிர்ந்த காத்து சுருங்கிக்கும், சட்டுனு லேசாயிடும். எவ்ளோ வேகமா லேசாகுதுன்னு தெரிஞ்சா வெப்பநிலை தெரிஞ்சிடும்.

உங்க கடைக்காரங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கணக்கை உச்சியில, 80 கிலோமீட்டர் பக்கம் ஆரம்பிச்சு கீழ இறக்கிட்டு வருவாங்க, அந்த முதல் வெப்பநிலையை மட்டும் ஒரு மாடல்ல, அதாவது உத்தேசக் கணக்குல இருந்துதான் எடுத்துக்கறாங்க. அது 20 டிகிரி தப்பாவே இருக்கட்டும், 15 கிலோமீட்டர் இறங்கறதுக்குள்ள காத்து 10 மடங்கு ஆயிடுது, தப்பு 2 டிகிரியா சுருங்கிப் போகும். 50 கிலோமீட்டருக்கு வரும்போது அதுல ஒண்ணும் மிஞ்சாது. அதனாலதான் உச்சியில வர்ற கொஞ்சத்தை அவங்களே நம்பாம வெட்டிடுவாங்க.

கடையில மறுபடி பேச்சு வந்தா, ஆமா உத்தேசம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அது 80 கிலோமீட்டர்லயே நின்னுடுதுன்னு சொல்லுங்க.