ரயிலில் வரும் தூக்கம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 46 வயது. மும்பை பக்கத்தில் டோம்பிவிலியில் ஒரு ரூம், கிச்சன் வீடு. கணவர், மாமியார், பன்னிரண்டாவது படிக்கும் மகன். போன வருடம் மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அவர் நன்றாக நடக்கிறார். எனக்குத்தான் தூக்கம் திரும்பவில்லை. ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன். ஒரு மணி தாண்டித்தான் கண் அசரும். நாலரைக்கு எழுந்து டப்பா கட்ட வேண்டும். ஞாயிறு மட்டும் ஒன்பது வரை படுக்கிறேன். தூக்கம் வரப் பக்கத்து டாக்டர் கொடுத்த அல்பிரசோலாம் மாத்திரைச் சீட்டு பழசாகிவிட்டது, கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் தருகிறார். எனக்குப் புரியாதது ஒன்றுதான். சாயங்காலம் சிஎஸ்டி ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால் தாதர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். அத்தனை சத்தத்தில், மூன்று பேர் சீட்டில் நாலாவதாகப் பாதி தொங்கிக்கொண்டு வரும் தூக்கம், வீட்டில் ஏன் வரவில்லை? எனக்குத் தூங்கத் தெரியாமல் போய்விட்டதா?

(பெயர் வேண்டாம்), டோம்பிவிலி

அன்புள்ள தோழிக்கு,

தூங்கத் தெரியாமல் போனவரால் சென்ட்ரல் லைனில், லேடீஸ் பெட்டியில், அந்த நெரிசலில் தூங்க முடியுமா? உங்கள் தூக்கம் உங்களிடம்தான் இருக்கிறது. அதை முதலில் நம்புங்கள்.

ரயிலில் நீங்கள் தூங்க முயற்சி செய்வதில்லை. தூங்காவிட்டால் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் அங்கே இல்லை. வீட்டிலோ ஒன்பதரை மணிக்கே பாயில் படுத்து, தூக்கம் வருகிறதா என்று காவல் இருக்கிறீர்கள். மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் பாய் விரிக்கும்போதே உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடும்.

ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். தூக்கமின்மையைத் தொடங்கி வைத்த காரணம் வேறு, அதை நீட்டித்து வைக்கும் காரணம் வேறு. உங்கள் விஷயத்தில் தொடங்கி வைத்தது மாமியாரின் ஆபரேஷன். அது முடிந்துவிட்டது. இப்போது நீட்டித்து வைப்பது, விட்ட தூக்கத்தைப் பிடிக்க நீங்கள் செய்யும் காரியங்கள்தான்: சீக்கிரம் படுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி, சாயங்கால ரயில். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. களைத்துப்போன யாரும் அதைத்தான் செய்வார்கள்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத்தான் கண் சொக்கும். தூங்கினால் குறையும். ஆறு மணிக்கு இரண்டு வடாபாவ் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குச் சோறு இறங்கவில்லையே என்றால் எப்படி? வீடு திரும்பும் ரயிலில் முக்கால் மணி நேரம் தூங்குவதும் அப்படித்தான். டீயிலிருக்கும் காஃபின் அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் ஆபீஸில் ஐந்து மணிக்குக் கட்டிங் சாய், அந்த அரை கிளாஸ் டீ, குடிக்கும் வழக்கம் இருந்தால் விடுங்கள். காலை ரயிலில் கண் அசந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சாயங்காலம் மட்டும் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், கீரை ஆயுங்கள், முடிந்தால் நின்றுகொண்டு வாருங்கள்.

இனி முக்கியமானது. ஒன்பதரைக்குப் படுக்காதீர்கள். நாலரைக்கு எழுவது மாற முடியாது என்பதால் பதினொன்றரைக்குப் படுங்கள். இப்போது தூங்குவது மூன்றரை மணி நேரம்தான் என்றாலும், படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. ஞாயிறும் நாலரைதான். கொடுமையாகத் தெரியும், ஆனால் இந்த வைத்தியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் நாலேகால் மணி நேரமாவது தூங்க ஆரம்பித்ததும், வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் படுக்கலாம்.

படுத்து இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வார்கள். 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. வேறு அறைக்கு எங்கே போவது? நாலு பேர் ஒரே அறையில் படுக்கும் வீடுகளை அந்த ஆலோசனை எழுதியவர்கள் பார்த்ததில்லை. ஆனால் நம்மிடம் பாய் இருக்கிறது. எழுந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கிச்சனில் ஜீரோ வாட் பல்பில் உட்காருங்கள். பயறு பொறுக்கலாம், துணி மடிக்கலாம். போன் வேண்டாம். கண் சொக்கும்போது மறுபடி பாயை விரியுங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். மணி பார்த்து எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுவது மனதை இன்னும் முறுக்கும்.

பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றித் தூக்கத்தைச் சரிசெய்யும் இதையெல்லாம் சேர்த்து சிபிடி-ஐ என்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. வலிப்போ, மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோயோ இருப்பவர்கள் தூக்க நேரத்தைத் தாமாகக் குறைக்கக் கூடாது.

அந்த மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அல்பிரசோலாம் ஷெட்யூல் எச்1 மருந்து. 2014 முதல் டாக்டர் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். தெரிந்தவர் என்பதற்காகக் கொடுப்பது உதவி இல்லை. அதற்காக இன்றைக்கே நிறுத்தியும் விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பரேலில் கேஇஎம், சயானில் பொது மருத்துவமனை, இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மனநலப் பிரிவு என்றதும் தயங்காதீர்கள், தூக்கமின்மைக்கு அங்கே போவது சாதாரணம். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூடு, குறட்டை எல்லாவற்றையும் சொல்லுங்கள், இந்த வயதில் அவையும் தூக்கத்தைக் கெடுக்கும். மனம் ரொம்பச் சோர்ந்து, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

முதல் ஒன்றிரண்டு வாரம் இப்போதைவிடக் களைப்பாக இருக்கும். அந்த நாட்களில் ரயில் வாசலில் நிற்காதீர்கள், தண்டவாளம் கடக்காதீர்கள். டப்பா கட்டும் வேலையில் பாதியைக் கணவரிடம் கொடுங்கள். மகனுக்குப் பிப்ரவரியில் பரீட்சை வரும். வீட்டில் அந்தப் பதற்றம் ஏறுவதற்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு, இதைத் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா